டிக்கெட் பத்து ரூபாய், ஆட்டோ எண்பது ரூபாய்

அக்கா பையன் தாம்பரம் பக்கத்தில் சேலையூரில் குடியிருக்கிறான். வேலை நுங்கம்பாக்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. 2025 ஆயுத பூஜைக்கு முன்னால் வீட்டுக்கு வந்தவன், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தான்: "மாமா, ஆட்டோ, ரயில், மறுபடி ஆட்டோன்னு அலைஞ்சு அலுத்துப்போச்சு. வரி வேற குறைச்சிருக்காங்க. லோன் போட்டு ஒரு கார் எடுத்துடட்டுமா?"

வரி குறைந்தது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கும் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒரு வேடிக்கை, அதே செப்டம்பர் 22-ல்தான் சென்னையில் 'சென்னை ஒன்று' செயலியையும் தொடங்கினார்கள். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் க்யூஆர் டிக்கெட். ஒரே நாளில் ஒரு கை அவனை ஷோரூம் பக்கம் இழுத்தது, இன்னொரு கை பஸ் ஸ்டாப் பக்கம் இழுத்தது. ஷோரூம் ஜெயித்துக்கொண்டிருந்தது. குறைந்த வரியும் ஜி.எஸ்.டி., கார் வாங்கினால் தினமும் போய் மாட்டிக்கொள்ளப் போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடும் ஜி.எஸ்.டி. என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று பழைய டைரியின் பின்பக்கத்தைப் பிரித்தோம். ரோடு வழியாக ஒரு பக்கம் சுமார் 24 கிலோமீட்டர். போக வர 48. மாதம் 24 வேலை நாள் என்றால் ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் கார். அவன் பார்த்து வைத்திருந்தது சாலைக்கு வரும்போது ஒன்பது லட்சம் ஆகும் வண்டி. கடை விலை வேறு, சாலை விலை வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதற்கு மேல் காப்பீடு. 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்டியாக வேண்டும், டூ வீலருக்கு ஐந்து வருடம். கம்பெனி விளம்பரத்தில் எத்தனை மைலேஜ் போட்டிருந்தாலும் பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் பீக் ஹவரில் லிட்டருக்கு 14 கிடைத்தால் பெரிய விஷயம். ஆக, பெட்ரோல் மட்டும் மாதம் 8,300. எட்டு வருடம் ஓட்டி மூன்று லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் மாதத்துக்கு 6,250. ஏழு லட்சம் கடனுக்கு ஒன்பது சதவீதத்தில் ஐந்து வருடம் கட்டும் வட்டியை எட்டு வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 1,800. காப்பீட்டுக்கு 1,650, சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 1,500. கூட்டினால் 19,500. நாளைக்கு 800 ரூபாய்க்கு மேல். ஆபீஸில் பார்க்கிங் கிடைக்காவிட்டால் அது தனி.

அடுத்து ஸ்கூட்டர். எல்லாம் சேர்த்து 1,05,000 ரூபாய் வண்டி, எட்டு வருடம் கழித்து 25,000. தேய்மானம் மாதம் 830. நெரிசலில் மைலேஜ் 45, பெட்ரோல் 2,580. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 650, காப்பீட்டுக்கு 170. மொத்தம் 4,200 சொச்சம். காரின் கால் பங்குகூட இல்லை. எங்கள் கணக்கில் இருநூறு முந்நூறு முன்பின் இருக்கலாம், வித்தியாசத்தின் அளவு மாறாது.

பிறகு ரயில். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மாத சீசன் டிக்கெட் இருநூறு ரூபாய் அளவில்தான். தினசரி டிக்கெட் எடுத்தாலும் பத்து ரூபாயைத் தாண்டாது. இதைவிட மலிவாக இருபது கிலோமீட்டர் போக உலகத்தில் அதிக இடங்கள் இருக்காது. "அப்புறம் என்னடா?" என்று கேட்டேன். அவன் மீதியை எழுதினான். வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, ஒரு முறைக்கு 20. மாதம் 960. நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆபீஸுக்கு ஆட்டோ, ஒரு முறைக்கு 80. மாதம் 3,840. சீசனையும் சேர்த்தால் சரியாக 5,000 ரூபாய். ஸ்கூட்டரைவிட கிட்டத்தட்ட 800 ரூபாய் அதிகம்!

எனக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான். இருபது கிலோமீட்டர் ரயிலுக்கு இருநூறு ரூபாய், இரண்டு கிலோமீட்டர் ஆட்டோவுக்கு நாலாயிரம். அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணப்படி அந்த இரண்டு கிலோமீட்டருக்கு 28 ரூபாய்க்குள்தான் வர வேண்டும். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று 2013-ல் போட்ட கணக்கு அது. அதற்குப் பின் 2025 வரை அரசு அதைத் திருத்தவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ரேட்டுக்கு ஓட்ட முடியாது என்கிறார் டிரைவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் திருத்தாத மீட்டர் என்றால் மீட்டரே இல்லாத மாதிரிதான். மீட்டர் இல்லாத ஊரில் ரயில் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

பொதுப் போக்குவரத்து பற்றிப் பேசும்போதெல்லாம் காரைத்தான் எதிரே நிறுத்துகிறோம். கார் ஒரு கும்பல் ஆளுக்கான இடத்தை ஒற்றை ஆளுக்கு எடுத்துக்கொள்கிறது, புகை விடுகிறது, எல்லாம் சரி. ஆனால் நம் ஊரில் பஸ்ஸிலிருந்து ஆளை இறக்கிக்கொண்டு போனது கார் அல்ல, ஸ்கூட்டரும் பைக்கும்தான். அவை காரைப் போலப் பையைக் கடிப்பதில்லை. வீட்டு வாசலில் தொடங்கி ஆபீஸ் வாசலில் முடிகின்றன. சந்தில் நுழைகின்றன. நிறுத்த ஒரு முழம் இடம் போதும்.

வண்டி வாங்கிய பிறகு மனக்கணக்கும் மாறிவிடுகிறது. தேய்மானம், வட்டி, காப்பீடு எதுவும் அன்றாடம் கண்ணில் படாது. பெட்ரோல் பங்கில் "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று சொல்லி நிரப்பும்போது கையை விட்டுப் போகிற 200 ரூபாய்தான் செலவு. மற்றதெல்லாம் என்றைக்கோ கட்டியாகிவிட்டது. ஸ்கூட்டருக்கு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 25 பைசா பெட்ரோல். கணவனும் மனைவியும் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போக 11 ரூபாய் போதும். அதே ஐந்து கிலோமீட்டருக்கு மெட்ரோவில் ஆளுக்கு 20, இரண்டு பேருக்கு 40. முன்னால் ஒரு பிள்ளை நின்றுகொண்டால், அவனுக்கும் சேர்த்து அதே 11 ரூபாய்தான். பஸ்ஸும் ரயிலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன, வண்டி தூரத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. குடும்பமாகக் கிளம்பும்போது இந்த ஒன்று போதும், முடிவு ஆகிவிடும்.

சரி, டிக்கெட்டை இன்னும் மலிவாக்கினால்? அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் பெரிதாக உயர்ந்தது 2018 ஜனவரியில். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அந்த மாதக் கடைசியிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். அப்போது சென்னையில் பெட்ரோல் எழுபத்தைந்து ரூபாயைச் சுற்றி இருந்தது. பிறகு பெட்ரோல் நூறைத் தாண்டியது. பேருந்துக் கட்டணம் 2025 முடிகிற வரை அதே இடத்தில் நின்றது. வண்டிக்கான பெட்ரோல் செலவு மூன்றில் ஒரு பங்கு ஏறியும், பஸ் ஏறாமல் நின்றும், வண்டி வைத்திருந்தவர்கள் யாரும் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. லக்சம்பர்க் 2020-ல் கட்டணத்தையே ஒழித்தது. நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயிலில் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம். அங்கேயும் கார்கள் ரோட்டை விட்டுப் போய்விடவில்லை.

அப்படியானால் தடுப்பது எது? காத்திருப்பு. பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு போக நம் ஜனங்கள் தயங்கியதே இல்லை. பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் பத்து நிமிடம் நிற்பதுதான் கஷ்டம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு தடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று காகிதத்தில் வரும். ரோட்டில் அப்படி வருவதில்லை. முதல் பஸ் சிக்னலில் மாட்டுகிறது. தாமதமாக வருவதால் ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்திருக்கிறது. கூட்டம் ஏற நேரம் ஆகிறது, இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. நாற்பது நிமிடம் ஒன்றும் வராது, பிறகு ஒரே நம்பரில் இரண்டு சேர்ந்து வரும். முன்னதில் படிக்கட்டு வரை ஆள், பின்னதில் ஜன்னல் சீட்டெல்லாம் காலி. சென்னையில் பஸ் ஏறியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். டிரைவர் மேல் கோபப்படுவார்கள். உண்மையில் இது நெரிசலில் ஓடும் எந்த ஊர் பஸ்ஸுக்கும் உள்ள நோய். தனிப் பாதை கொடுத்தால் ஒழியத் தீராது.

ஆபீஸில் விரல் வைத்து வருகைப் பதிவு செய்கிறவனுக்குச் சராசரி எதற்கு? அவன் மோசமான நாளை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். ஒன்பதரைக்கு இருக்க வேண்டும் என்றால் நாற்பது நிமிடம் நிற்கும் நாளை நினைத்துக் கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பினால் வாரத்தில் நான்கு நாள் அரை மணி முன்னதாகப் போய் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். நடுவில் ஒரு பஸ் மாற வேண்டியிருந்தால் இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. ஸ்கூட்டரும் நெரிசலில் மாட்டத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு மாட்டும் என்பது ஓட்டுகிறவனுக்கு ஓரளவு தெரியும். கிளம்புவது அவன் கையில் இருக்கிறது.

புறநகர் ரயில் இந்த விஷயத்தில் தேறிவிடுகிறது. கடற்கரை–தாம்பரம் தடம் 1931-லேயே மின்சார ரயிலுக்கு மாறியது. தனித் தண்டவாளம், சிக்னலில் ஆட்டோ குறுக்கே வராது. காலை நேரத்தில் ஒன்றை விட்டால் அடுத்தது சீக்கிரமே வந்துவிடும், யாரும் அட்டவணை பார்ப்பதில்லை. மெட்ரோவும் அப்படியே. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியபோது பத்து கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாயா என்று எல்லோரும் முகம் சுளித்தோம். 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 70-லிருந்து 50-ஆகக் குறைத்தார்கள். கார்டிலோ க்யூஆரிலோ எடுத்தால் இருபது சதவீதத் தள்ளுபடியும் வந்தது. மெட்ரோ தன் வழியில் வீடும் ஆபீஸும் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கு இந்த ஊரின் ஆகச் சிறந்த வாகனம். சேலையூர்க்காரனுக்கு உபயோகமில்லை, தெற்கே அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது.

ஆக, ஓடுகிற ரயிலிலோ பஸ்ஸிலோ பெரிய குறை இல்லை. தலையிலும் வாலிலும்தான் குறை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். பெரிய கட்டடம், நல்ல வசதி. பக்கத்திலேயே ரயில் தண்டவாளம் ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே நிற்க ஒரு ஸ்டேஷன் இல்லை. வடசென்னையிலிருந்து குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளுடன் அங்கே போய்ச் சேர ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, அங்கிருந்து விழுப்புரம் போகும் பஸ் டிக்கெட்டைவிட அதிகம் என்று புலம்பாதவர் உண்டா? வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயிலை பரங்கிமலையோடு இணைக்க வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, நில வழக்குகளில் மாட்டிப் பதினைந்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. தூண்கள் நின்றன, மேலே தண்டவாளம் இல்லை. ஆதம்பாக்கம் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தூண்கள் ஊர் அடையாளமாகவே ஆகிவிட்டன.

தெருவுக்குள் வந்து ஆளை ஏற்றிக்கொள்ள 2013-ல் சிற்றுந்துகள் விட்டார்கள், 'எஸ்' என்று தொடங்கும் நம்பர்களில். நல்ல யோசனை, எங்கெல்லாம் நெருக்கமாக ஓடியதோ அங்கெல்லாம் நிரம்பி வழிந்தது. அதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு, நடைபாதை. இரண்டு கிலோமீட்டர் என்பது இருபத்தைந்து நிமிட நடை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கை வகுத்தது. பாண்டி பஜாரில் 2019-ல் அதன் அழகான வடிவத்தைக் கண்ணால் பார்த்தோம். அங்கிருந்து ஒரு தெரு தள்ளிப் போனால் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், அதன் பக்கத்தில் டிபன் கடை, அதற்குப் பக்கத்தில் ஏற்றி நிறுத்திய பைக். பைக்காரர் யார் என்று கேட்காதீர்கள், ஒரு காலத்தில் நானும் நிறுத்தியிருக்கிறேன்.

இதுவரை எழுதியது முழுக்க வண்டி வாங்கும் வசதியுள்ள ஆணின் கணக்கு. அக்கா பையனுடைய மனைவியின் கணக்கு வேறு. மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. 2021 மே மாதம், புதிய ஆட்சியின் முதல் நாள் கையெழுத்துகளில் ஒன்றாகச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. பிறகு அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது பிங்க் பஸ் அல்லது வெள்ளை போர்டு. மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. கார் வாங்கலாமா என்று யோசிக்கும் வீட்டுக்கு 888 பெரிதாகத் தெரியாது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு அது ஒரு வீட்டுச் சம்பளத்தில் கணிசமான பங்கு. காசைத் தவிர வேறொன்றும் நடந்திருக்கிறது. யாரிடமும் கேட்காமல் கிளம்ப முடிகிறது. நாலு ஸ்டாப் தள்ளி மலிவான காய்கறிக் கடைக்கு, அம்மா வீட்டுக்கு, கூடுதல் சம்பளம் தரும் தூரத்து வேலைக்கு. கண்டக்டர் பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார், கையில் சில்லறை தேடும் வேலை இல்லை.

காத்திருப்பு மட்டும் இங்கேயும் விடாது. டீலக்ஸ் வரும், ஏற மாட்டார்கள். எக்ஸ்பிரஸ் வரும், அதற்கும் தலையாட்டிவிட்டு நிற்பார்கள். வெள்ளை போர்டு வரும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்ளோ இடம் இருக்கு" என்று கண்டக்டர் கத்துவார். நடுவில் இடமே இருக்காது. இலவசத்துக்கான விலையை அவர்கள் நேரமாகக் கட்டுகிறார்கள்.

அப்படியென்றால் பஸ்ஸைக் கூட்டவேண்டியதுதானே? கூட்டலாம். ஓடும் ஒவ்வொரு பஸ்ஸும் நஷ்டம் தரும் நிலையில் ஒரு போக்குவரத்துக் கழகம் எப்படி பஸ்ஸைக் கூட்டும் என்பதுதான் சிக்கல். 2018 கட்டணத்தில் இன்றைய டீசலும் இன்றைய சம்பளமும் கட்டுப்படியாகாது. இலவசப் பயணத்துக்கு அரசு ஈடு கொடுக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பாஸுக்கும் கொடுக்கிறது. வாங்கும் கடனுக்கும் ஓய்வூதிய பாக்கிக்கும் அது போதவில்லை. 1972-ல் பல்லவன் என்ற பெயரில் தனிக் கழகமான நாளிலிருந்தே இந்த இழுபறி உண்டு. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அவற்றை வாங்கியது கழகம் அல்ல. தனியார் பஸ்ஸும் டிரைவரும் தருகிறார், கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது, கண்டக்டரும் டிக்கெட் வசூலும் கழகத்துடையது. மொத்தமாக முதல் போடாமல் பஸ் எண்ணிக்கையைக் கூட்டும் வழி. தொழிற்சங்கங்கள் இது தனியார்மயத்தின் முதல் படி என்று எதிர்க்கின்றன. அவர்கள் சந்தேகத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்டாப்பில் நிற்பவர் பஸ் யாருடையது என்று பார்ப்பதில்லை, எப்போது வரும் என்றுதான் பார்க்கிறார்.

ஊருக்குப் போகும் கணக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் கார் வாங்குவதே அதற்காகத்தான். மதுரை சுமார் 460 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கிடைத்தால் ஒரு வழிக்கு 2,900 ரூபாய் பெட்ரோல், அதோடு சுங்கச்சாவடிகள். 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு வந்த பிறகு, அடிக்கடி போகிறவர்களுக்கு அந்தச் செலவு குறைந்திருக்கிறது. வைகை எக்ஸ்பிரஸ் ரயிலில் உட்கார்ந்து போகும் சாதா டிக்கெட் இருநூறு ரூபாயை ஒட்டித்தான், நான்கு பேருக்கு 800. காரின் பக்கத்தில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டிக்கெட் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் தேதிகளுக்கு எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஆம்னி பஸ், அதன் பண்டிகைக் கால விலை. வருடத்தில் இரண்டு முறை அந்த அவமானத்தைப் பட்டவர், மூன்றாவது வருடம் ஷோரூமுக்குப் போகிறார். குலதெய்வம் கோயிலுக்கு, நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் போக என்று காரணங்கள் சேர்ந்துகொள்ளும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். வாங்கிய கார் வருடத்தில் முந்நூறு நாள் தெருவில் துணி போர்த்தி நிற்கும், நிற்கிற இடத்துக்கு வாடகை கிடையாது. நிற்கிறதே என்ற உறுத்தலில் ஒருநாள் அது ஆபீஸுக்கும் கிளம்பிவிடுகிறது.

டைரியில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். மலிவான வண்டிக்கு இதுதான் மறைந்திருக்கும் விலை, எந்தக் காப்பீட்டுப் பிரீமியமும் அதைச் சரியாகக் காட்டாது. இந்தப் பேச்சு வந்தபோது அவன் ஸ்கூட்டரைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவனோடு படித்த ஒரு பையன் ஞாபகம் வந்திருக்கும்.

ரயிலின் பக்கம் ஒரு சின்ன வரவும் உண்டு. முக்கால் மணி நேரம் கைகள் சும்மா இருக்கின்றன. சீட் கிடைத்தால் தூங்கலாம், கிடைக்காவிட்டால் போனில் ஏதாவது படிக்கலாம். குரோம்பேட்டையில் ஏறும் ஒரு கூட்டம் தினமும் ஒரே பெட்டியில் நின்று அரசியல் பேசுகிறதாம், எதிர்க்கட்சி ஆட்கள் பல்லாவரத்தில் ஏறுகிறார்களாம். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போகும் ஒன்றே கால் மணி நேரத்தில் இதெல்லாம் நடக்காது.

கார் வாங்கவில்லை. ஸ்கூட்டரும் வாங்கவில்லை. கணக்கில் ஓட்டை எங்கே என்று மறுபடி பார்த்தோம். ஐயாயிரத்தில் 3,840 அந்த இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. நடந்து பார்த்தான். காலை ஒன்பது மணி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, பையில் இன்னொரு சட்டை எடுத்துப்போக வேண்டி வந்தது. பத்து நாளில் விட்டுவிட்டான். பிறகு 2,500 ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி ஆபீஸ் பக்கம் கொண்டுபோய்ப் போட்டான். ராத்திரி ஸ்டேஷன் அருகே ஒரு ஸ்டாண்டில், மாதம் 300 ரூபாய். ஷேர் ஆட்டோ 960, சீசன் 200, ஸ்டாண்ட் 300. மாதம் 1,460. மழை பெய்தால் மட்டும் ஆட்டோ.

போன வாரம் போன் பண்ணினான். ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளில் பெல்லை மட்டும் யாரோ இரண்டாவது முறையாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். "பெல்லு அறுபது ரூபா மாமா, அதையும் டைரில எழுதிக்கோங்க" என்றான்.